கூட்டம் வருமுன் நம்முடைய கோட்டை



போன வாரம் ஆங்கிலப் பாடத்தில் நான்கு பருவ காலங்கள் பற்றிய பகுதி. புத்தகத்தில் படம் இருக்கிறது: சிவந்த இலைகள், கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றிய ஒரு பிள்ளை, கையில் ஒரு கூடை அப்பிள். பின் வாங்கிலிருந்து ஒருவன் கையை உயர்த்தினான். "சேர், எங்கட ஊர்ல இலையுதிர் காலம் எப்ப வாற?" வகுப்பு சிரித்தது. இன்னொருவன் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "கொட்டம்பா மரத்தைக் கேளு" என்றான். மரத்தடியில் இரண்டு மூன்று சிவந்த இலைகள் கிடந்தது உண்மைதான்.

அன்று நாங்கள் சரியான பதில் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது. பிறகு ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேசும்போதுதான் புரிந்தது, கேள்வி அவ்வளவு பகிடியானதல்ல. காலியில் இருக்கும் நமக்கு இலையுதிர் காலம் இல்லைதான். ஆனால் அந்த மாதங்கள் இருக்கின்றன. மே மாதம் தொடங்கிய தென்மேல் காற்று செப்டெம்பர் முடிய ஓய்கிறது. கோட்டை மதிலில் நான்கு ஐந்து மாதமாக மோதி வெள்ளை நுரை கக்கிய கடல், ஒக்டோபரில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. காலையில் வானம் கழுவித் துடைத்த கண்ணாடி. லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் மலைப்பக்கம் கறுத்திருக்கும். இரண்டு மூன்று மணிக்கு இடி, ஒரு பாட்டம் மழை. அஸருக்குப் பள்ளிக்குப் போகும்போது தெருக்கல் மினுமினுக்கும், வேம்பும் ஈரமண்ணும் மணக்கும். வடக்கே எங்கோ இலை உதிர்கிற நாடுகளிலிருந்து குளிருக்குப் பயந்து பறந்து வருகிற குருவிகளும் இந்த மாதத்தில்தான் நம் தோட்டங்களில் இறங்குகின்றன. விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் கத்துகிற ஆறுமணிக்குருவி அதில் ஒன்று. இலையுதிர் காலத்தில் நமக்கு வந்து சேரும் பங்கு அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. வெள்ளைக்காரர்களின் கூட்டம் டிசம்பரில்தான் வரும். ஆகவே ஒக்டோபர் தொடங்கி நவம்பர் நடுப்பகுதி வரைக்கும் ஒரு ஆறு வாரம், கோட்டைத் தெருக்கள் ஏறக்குறையக் காலியாக இருக்கும். (ஊர்ப் பெயரை வைத்து நமக்குள் இருக்கிற பழைய பகிடியை இங்கே யாரும் எழுத வேண்டாம். கீழே அதற்கு வேறு இடம் இருக்கிறது.)

அந்த ஆறு வாரத்தை நாம் என்ன செய்கிறோம்? வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒன்றும் செய்வதில்லை. கோட்டைக்குள் போவது வழக்குக்கு, இல்லையென்றால் ஒரு ஜனாஸாவுக்கு. கொழும்பிலிருந்து சொந்தக்காரர் வந்தால் வெளிச்சவீட்டடியில் நிறுத்திப் படம் எடுத்துவிட்டு பிரியாணிக்குத் திரும்பிவிடுவோம். நம்மில் சிலர் கோட்டைக்குள்ளேயே பிறந்தவர்கள். அவர்களும் அப்படித்தான்.

ஆகவே சனிக்கிழமை ஸுபஹுக்குப் பிறகு நடப்பதென்று முடிவெடுத்தோம். மொத்தம் பதினொரு பேர்: மூன்று ஆசிரியர்கள், ஏழு பிள்ளைகள், ஓய்வு பெற்ற அதிபர் ஒருவர்.

நடந்ததையும் வழியில் பேசியதையும் இங்கே எழுதுகிறோம். கோட்டையைப் பற்றி வெளிநாட்டார் எழுதிய புத்தகங்கள் கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றில் நாம் பெரும்பாலும் படத்தில் வருகிறோம், தொப்பி போட்ட ஒரு கிழவராக, ஒரு நீலக் கதவுக்குப் பக்கத்தில்.

முதலில் இப்னு பதூதாவைப் பற்றி. பிள்ளைகளுக்குப் பெயர் தெரியும், காலிக்கு வந்தது தெரியாது. அவர் 1344ஆம் ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் மாலைதீவிலிருந்து கப்பலேறி, புத்தளத்தில் இறங்கி, பாவா ஆதம் மலைக்குப் போனார். இறங்கி வரும்போது தெற்குக் கரைக்கு வந்து தீனவர் என்று அவர் எழுதுகிற தெவுந்தரையைப் பார்த்தார். அங்கிருந்து அடுத்த ஊர் நம்முடையது. அவருடைய பயணநூலில் இந்த ஊரின் பெயர் காலி. கோல் இல்லை, கால்ல இல்லை, நாம் இன்றைக்கும் வீட்டில் சொல்கிற மாதிரியே காலி. சிறிய ஊர் என்கிறார். அங்கே ஒரு முஸ்லிம், கப்பல் தலைவர் இப்ராஹீம், தன் இடத்தில் தங்களுக்கு விருந்தளித்தார் என்கிறார். அவ்வளவுதான். பிறகு கொழும்புக்குப் புறப்பட்டுவிடுகிறார்.

நாள்களைக் கூட்டிப் பார்த்தால், அவர் நம் ஊருக்கு வந்தது ஏறத்தாழ இதே மாதங்களாகத்தான் இருக்க வேண்டும். காற்று மாறுகிற, கடல் இறங்குகிற காலம். நகுதா இப்ராஹீமும் புறப்படக் காத்திருந்திருப்பார் போலும்.

அதிபர் இந்த இடத்தில் நின்று பிள்ளைகளிடம் கேட்டார்: "அப்போ கோட்டை இருந்திச்சா?" இல்லை. போர்த்துக்கேயர் இங்கே அரண் கட்டியது 1588 அளவில். ஒல்லாந்தர் அவர்களிடமிருந்து பிடித்தது 1640 மார்ச்சில். இப்போது நாம் காண்கிற பெரிய மதிலும் கொத்தளங்களும் அதற்குப் பிறகு வந்தவை. மதில் வருவதற்கு இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்பே இந்தக் கரையில் ஒரு முஸ்லிம் வீட்டில் விருந்தாளிக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். "ஆங்கிலேயர் காலத்தில் வியாபாரத்துக்கு வந்தவர்கள்" என்று நம்மைப் பற்றி யாராவது சொன்னால், சண்டை பிடிக்கத் தேவையில்லை. இந்த வருடத்தைச் சொன்னால் போதும்: 1344.

இரண்டாவது கல். இதைப் பற்றி நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எங்களுக்குக் கவலை உண்டு. 1911இல் கிரிப்ஸ் வீதிப் பக்கமாக ஒரு மதகை மூடியிருந்த கற்பலகையை ஒரு பொறியியலாளர் கவனித்தார். எழுத்துள்ள பக்கம் கீழே கவிழ்ந்து கிடந்தது. புரட்டினால் மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். அதில் உள்ள தேதி 1409. சீனச் சக்கரவர்த்தியின் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த கல். செங் ஹோ யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெவுந்தரையில் கோயில் கொண்டிருந்த தென்னாவரை நாயனாருக்கு. பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பெயரால். பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று கொடுத்த பொருள்களின் பட்டியல் மூன்று பேருக்கும் சமமாக இருப்பதாகப் படித்தவர்கள் சொல்கிறார்கள். மூன்றில் மிக மோசமாகத் தேய்ந்திருப்பது பாரசீகம்தான். இப்போது அந்தக் கல் கொழும்பு நூதனசாலையில்.

ஒரு பிள்ளை கேட்டான், "அது எங்கட கல்தானே சேர், ஏன் அங்க?" நல்ல கேள்வி. ஆனால் மதகு மூடியாகக் கிடந்தபோது அதன் மேல் மாட்டு வண்டி ஓட்டியதும் நம் ஊர்தான்.

கோட்டைக்குள் நாங்கள் பெரிய வாசலால் போகவில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் உள்ள அந்த வாசல் 1873இல் ஆங்கிலேயர் வெட்டியது. துறைமுகப் பக்கத்துப் பழைய வாசலால் போனோம். வெளியே ஆங்கில முடியரசின் சின்னம். உள்ளே நின்று திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம், இரண்டு சிங்கம், மேலே ஒரு சேவல், கீழே 1669. அந்த நேரத்தில் அங்கே எங்களைத் தவிர ஒரு நாய் மட்டும். ரூமஸ்ஸல மலைக்கு மேலே சூரியன் அப்போதுதான் வந்தது. வாசலுக்குள்ளால் வெளிச்சம் நீளமாக உள்ளே விழுந்து, எதிர்ச் சுவர் மஞ்சளாகியது. டிசம்பரில் இதே இடத்தில் படம் எடுக்க வரிசையில் நிற்க வேண்டும்.

தெருப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தோம். லெயின் பான் என்றால் ஒல்லாந்து மொழியில் கயிறு திரிக்கும் பாதை. கப்பலுக்குத் தேவையான கயிற்றை அந்த நீளத் தெருவில் திரித்தார்கள். பரவ வீதி, தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த பரவரின் பெயர். பெட்லர் வீதி என்று இன்று பலகையில் உள்ளது ஒல்லாந்தர் வைத்த பெயரின் பாதிதான். அவர்கள் சொன்னது சோனகச் சில்லறை வியாபாரிகளின் தெரு. ஆங்கிலேயர் மொழிபெயர்க்கும்போது வியாபாரியை வைத்துக்கொண்டு சோனகனை விட்டுவிட்டார்கள். நாம் ஒருவரும் முறைப்பாடு செய்ததாகத் தெரியவில்லை.

ஒல்லாந்தர் நம்மை நேசித்தவர்கள் அல்ல. சோனகருக்கு ஊழியம் என்ற கட்டாய வேலை இருந்தது. செய்யாவிட்டால் பணம் கட்ட வேண்டும். ஆனாலும் அவர்கள் கட்டியதில் ஒன்றை மெச்சாமல் இருக்க முடியாது. தெருக்களுக்கு அடியில் ஓடுகிற கான்கள். கடல் பெருகும்போது நீர் உள்ளே ஏறி, வற்றும்போது அழுக்கை இழுத்துக்கொண்டு போகும் விதமாக அமைத்தது. இன்றைக்கு ஒரு மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற நம் புதிய வீதிகளைத் திட்டமிட்டவர்களை ஒரு நாள் இந்தக் கானுக்குள் இறக்கிப் பாடம் நடத்தலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதற்கு நாங்கள் கருத்துச் சொல்லவில்லை.

நடந்துகொண்டே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வைத்தோம். வீட்டில் பேசும் சொல்லில் எது ஒல்லாந்து, எது போர்த்துக்கேயம்? கந்தோர், லாச்சி, இஸ்தோப்பு, போஞ்சி, கக்கூஸ் எல்லாம் ஒல்லாந்து. (கடைசிச் சொல்லுக்குத்தான் அதிக வரவேற்பு.) ஜன்னல், அல்மாரி, சப்பாத்து, பேனை, அலவாங்கு, துவாய் எல்லாம் போர்த்துக்கேயம். அப்படியென்றால் காலையில் எழும்பி, துவாயை எடுத்து, அல்மாரியைத் திறந்து, சப்பாத்தைப் போட்டு, பேனையோடு பாடசாலைக்கு வருகிற பிள்ளை ஆறு மணிக்குள்ளே முழுப் போர்த்துக்கேயர் ஆட்சியைக் கடந்துவிடுகிறான். வாப்பா கந்தோருக்குப் போனால் ஒல்லாந்தர் வந்துவிடுவார்கள்.

மீரான் ஜும்ஆப் பள்ளிக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். 1904இல் கட்டியது. வெளியூர்க்காரர் பலர் இதைத் தேவாலயம் என்று நினைத்துக்கொள்வது நமக்குப் பழகிப்போன விஷயம். வெள்ளைக் கோபுரங்களும் வளைவு ஜன்னல்களும் அப்படித்தான் இருக்கின்றன. எதிரே வெளிச்சவீடு. 1848இல் கட்டிய பழையது 1930களில் தீயில் போனது, இப்போதுள்ளது 1939இல் எழுந்தது, 26 மீற்றருக்கு மேல் உயரம். ஆகவே பள்ளிதான் வெளிச்சவீட்டுக்கு மூத்தது. கோட்டைக்குள் உள்ள பஹ்ஜதுல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரி இரண்டுக்கும் மூத்தது, 1892. கொஞ்சம் தள்ளி 1889இல் தொடங்கிய சுதர்மாலய விகாரை. ஒல்லாந்தரின் பெரிய தேவாலயம் 1755. இவ்வளவையும் சுற்றி நடக்க ஒரு மணித்தியாலம் போதும்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது அதிபர் நீராவிக் கப்பல் காலத்தைச் சொன்னார். 1840களிலிருந்து ஐரோப்பாவிலிருந்து கல்கத்தாவுக்கும் சீனாவுக்கும் போகும் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற நின்றது காலியில், கொழும்பில் அல்ல. உலகச் செய்தி இலங்கைக்கு முதலில் வந்து இறங்குவது நம் துறைமுகத்தில். 1850இல் கொழும்புப் பத்திரிகையான ஒப்சேவர், கப்பல் கொண்டுவந்த செய்தியைப் புறாவின் காலில் கட்டிக் கொழும்புக்கு அனுப்பத் தொடங்கியது. தந்தி வந்ததும் புறாக்களுக்கு ஓய்வு. பிள்ளைகளுக்கு இன்று முழுவதிலும் மிகவும் பிடித்த செய்தி இதுதான். புறாவை எங்கே வைத்திருந்தார்கள், பருந்து பிடித்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

அந்தக் கப்பல்களில் இறங்கியவர்களிடம் நம் முன்னோர் மாணிக்கம், ஆமையோட்டுச் சீப்பு, பீரளு ரேந்தை எல்லாம் விற்றார்கள். அக்காலப் பயணிகள் எழுதிய குறிப்புகளில் நம்மைப் பற்றி நிறைய முறைப்பாடு உண்டு. கண்ணாடிக் கல்லை நீலக்கல் என்கிறார்கள், சொன்ன விலையில் பத்தில் ஒன்றுக்கு இறங்குகிறார்கள். பொய் என்று மறுக்க நாங்கள் வரவில்லை. எல்லாக் காலத்திலும் எல்லாரும் நல்லவர்கள் இல்லை. ஆனால் அந்த ரேந்தையைப் பின்னியது வீட்டுக்குள் இருந்த நம் பெண்கள். அவர்களைப் பற்றி எந்தப் பயணியும் ஒரு வரி எழுதவில்லை, ஏனென்றால் அவர்களைக் காணவில்லை.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. 1875இல் கொழும்பில் அலைதடுப்பு அணைக்குக் கல் வைத்தார்கள், 1885இல் அது முடிந்தது. பாறைகள் நிறைந்த நம் துறைமுகத்தை விட்டுக் கப்பல்கள் அங்கே போய்விட்டன. காலி தூங்கிப்போனது. அந்தத் தூக்கம் ஒரு வகையில் நமக்கு நன்மை. பணம் இருந்திருந்தால் இந்த மதிலையெல்லாம் எப்போதோ இடித்திருப்பார்கள். உத்தியோகத்தர்களும் வெள்ளைக்காரரும் விட்டுப் போன பெரிய வீடுகளில் நம் குடும்பங்கள் பெருகின. நூறு வருடத்துக்கு மேல் கோட்டையில் தெருவுக்குத் தெரு வாப்பாமாரின் குரல், உம்மாமாரின் சமையல். மஃரிபுக்குப் பிறகு பெண்கள் பிள்ளைகளோடு மதிலுக்குக் காற்று வாங்க வருவார்கள், ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் பட்டம் விடும் பையன்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து பஸ் நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் அள்ளிக்கொண்டு போனபோது, ஓடி வந்தவர்கள் ஏறி நின்றதும் இந்த மதிலில். ஒல்லாந்தர் பீரங்கிக்குக் கட்டியது அன்று தண்ணீருக்கு நின்றது.

1988இல் யுனெஸ்கோ கோட்டையை உலக மரபுரிமை என்று அறிவித்தது. 2002இல் வெளிநாட்டவர் காணி வாங்கும்போது கட்ட வேண்டிய 100 வீத வரியை அரசாங்கம் எடுத்துவிட்டது. 2004இல் அது திரும்பவும் வந்தது. அதற்குள் கதவு திறந்துவிட்டது. இன்றைக்குப் பெட்லர் வீதியில் நடந்தால், நம் பிள்ளைகளின் கூட்டாளிமார் இருந்த வீடுகளில் பெரும்பாலும் தங்கு விடுதி, நகைக் கடை, ஐஸ்கிரீம் கடை. காலி காலியாகுது என்ற பகிடிக்கு இடம் இதுதான்.

விற்றவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. எப்படி நடக்கிறது என்று நமக்குத் தெரியும். மூத்தவாப்பா மௌத்தாகிறார். வாரிசுகள் ஒன்பது பேர். அல்லாஹ் விதித்த பங்கு ஒவ்வொருவருக்கும் உண்டு, அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. ஆனால் ஒரு ஒல்லாந்து வீட்டை ஒன்பதாக வெட்ட முடியாது. நடுமுத்தம் யாருக்கு? ஒருவர் மற்ற எட்டுப் பேரின் பங்கையும் வாங்க வேண்டுமென்றால் அவரிடம் அவ்வளவு காசு இல்லை. கூரை ஒழுகுகிறது. ஓடு மாற்றுவதென்றால் பாரம்பரிய விதிப்படி அனுமதி, விதிப்படியான ஓடு, அதற்கேற்ற கூலி. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, நினைத்ததை விட மூன்று மடங்கு சொல்கிறார். அந்தக் காசில் பிள்ளைகள் படித்தார்கள், குமர்கள் கரைசேர்ந்தார்கள், சிலர் ஹஜ்ஜுக்குப் போனார்கள். இதை எப்படிக் குறை சொல்வது?

எங்களுக்கு மனம் பொறுக்காதது வேறொன்று. அதைச் சனிக்கிழமை ஒரு வீட்டில்தான் கண்டோம்.

எங்களோடு நடந்த பிள்ளைகளில் ஒருவனுடைய வீடு கோட்டைக்குள். டிசம்பருக்கு முன் கொடுத்துவிட வேண்டும், பேச்சு முடிந்துவிட்டது. அவன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தெரு முனைக்கு வந்ததும் "சேர், எங்கட ஊட்டுக்கு வந்திட்டுப் போங்க" என்றான். இஸ்தோப்பில் உட்கார்ந்தோம். அவனுடைய உம்மும்மா பதினொரு கோப்பையில் இஞ்சிப் பிளேன்டீ அனுப்பினார். நாங்கள் வேண்டாம், வீண் சிரமம் என்று சொல்ல, உள்ளேயிருந்து குரல்: "கோப்ப எல்லாம் இன்னும் பொட்டியில போடல்ல மகன். ஊத்தினதக் குடிச்சிட்டுப் போங்க."

நடுமுத்தத்தில் ஒரு மூலையில் பழைய சாமான்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். கிழிந்த பாய், உடைந்த கதிரை, ஒரு மேசை லாச்சி நிறையக் கடதாசி. பழைய இரும்பு எடுக்கிறவர் திங்கட்கிழமை வருவாராம். அதிபர் அந்த லாச்சியைத் தன் பக்கம் இழுத்தார். மேலே மின் பட்டியல்கள், கலியாணக் கடிதங்கள். அடியில் தோல் அட்டை போட்ட ஒரு நீளக் கணக்குப் புத்தகம், ஓரங்களைப் பூச்சி அரித்தது. திறந்தால் வலமிருந்து இடமாக எழுத்து.

"அரபுக் கிதாப்" என்றான் பையன். "எங்களுக்கு வெளங்கல்ல. ஓதப் பார்த்தா அர்த்தம் வரல்ல."

அதிபர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எழுத்தைக் கூட்டிச் சத்தமா வாசி, அர்த்தத்தைத் தேடாதே" என்றார். பையன் அலிப், பே கூட்டுகிற மாதிரி வாசித்தான். சில எழுத்துகளில் கூடுதலாகப் புள்ளி இருந்தது, அங்கே தடுமாறினான். அதிபர் அது 'ட' என்றார், அது 'ப' என்றார். மூன்றாவது தரம் வாசிக்கும்போது அவன் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான்.

"சேர், இது தமிழ்."

அரபுத்தமிழ். நம் முன்னோர் கடிதம் எழுதியது, கணக்கு எழுதியது, மார்க்கம் படித்தது எல்லாம் இந்த எழுத்தில்தான். குர்ஆன் ஓதத் தெரிந்த எந்தப் பிள்ளையும் ஒரு வாரத்தில் இதைப் பழகலாம், ஏனென்றால் எழுத்து ஏற்கெனவே தெரியும், மொழியும் ஏற்கெனவே தெரியும். நடுவில் யாராவது ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கயிறு, கொப்பரா, ரேந்தை நூல், யாருக்கோ கடன் கொடுத்தது, பள்ளிக்கு எண்ணெய் கொடுத்தது. ஒரு வரியில் ஒரு பெண்ணின் பெயர், அவர் பின்னிக் கொடுத்த ரேந்தையின் அளவு, கூலி. அதற்குக் கீழே அதே பெயர் இன்னும் நாலைந்து தடவை.

பிள்ளைகள் ஏழு பேரும் புத்தகத்தைச் சுற்றிக் குனிந்துவிட்டார்கள். பிளேன்டீ ஆறியது. ஒருவன் எழுத்தைக் கூட்ட, மற்றவன் சொல்லைப் பிடிக்க, சரியாக வந்தால் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். உம்மும்மா திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெயரை வாசிக்கும்போது, "அது எண்ட மூத்தும்மாட தாத்தா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

வீடு போனால் சுவர் இருக்கும். வாங்கியவர்கள் நம்மை விட நன்றாகவே பூசி, ஓடு மாற்றி, வெள்ளையடித்து வைத்துக்கொள்கிறார்கள். லாச்சியில் உள்ளது திங்கட்கிழமை கிலோக் கணக்கில் போய்விடும். இப்படி எத்தனை லாச்சி போயிருக்கும் என்று அதிபர் கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

புத்தகத்தை நாங்கள் எடுத்துவரவில்லை. அது அந்தக் குடும்பத்தின் சொத்து, ஒன்பது வாரிசுக்கும் அதிலும் பங்கு உண்டு. உம்மும்மா அதை லாச்சியிலிருந்து எடுத்துத் தன் அல்மாரிக்குள் வைத்துப் பூட்டினார். அடுத்த சனிக்கிழமை கைபேசியோடு வந்து எல்லாப் பக்கத்தையும் படம் எடுக்க அனுமதி தந்திருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். படங்களில் ஒரு பிரதி குடும்பத்துக்கு, ஒன்று பாடசாலை நூலகத்துக்கு.

திரும்பி வரும்போது மதில் மேலால் வந்தோம். நிலவுக் கொத்தளத்துப் பக்கம் புல்லில் உட்கார்ந்து கீழே மைதானத்தில் பையன்கள் பந்து வீசுவதைப் பார்த்தோம். டெஸ்ட் போட்டி நடக்கிற நாளில் இங்கே டிக்கெட் இல்லாமல் பார்க்க இடம் பிடிக்கச் சண்டை. அன்று முழு மதிலும் எங்களுக்கு. கடல் சாம்பல் நீலத்தில் அசையாமல் கிடந்தது. கேள்வி கேட்ட அந்தப் பின் வாங்குப் பையன் வடை ஒன்றைக் கடித்துக்கொண்டு, "இதுதானா சேர் எங்கட இலையுதிர் காலம்?" என்று கேட்டான். மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. எழும்பி நடந்தோம், ஆனாலும் பஸ் நிலையத்துக்குள் போகுமுன் நனைந்துவிட்டோம்.

நவம்பர் நடுப்பகுதி வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸுபஹுக்குப் பிறகு நடப்பதாக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். பழைய துறைமுக வாசலில் ஆறு மணிக்கு. பெண் பிள்ளைகளையும் உம்மாமாரையும் அழைத்து வாருங்கள், அவர்களுக்கெனத் தனியாக இரண்டு ஆசிரியைகள் வருவார்கள். உங்கள் வீட்டு லாச்சியில், பரணில், டிரங்குப் பெட்டியில் வலமிருந்து இடமாக எழுதிய எதுவும் இருந்தால், விளங்காவிட்டாலும் எறியாமல் கொண்டுவாருங்கள். வாசித்துப் படம் எடுத்துவிட்டு உங்கள் கையிலேயே தந்துவிடுவோம். காகிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வரவும். குடையும் வேண்டும்.